ஸ்காட்லாந்தின் உச்சிக் கிராமம் வடக்கே இல்லை: வான்லாக்ஹெட் பற்றி ஒரு இழை

12 ஜூன் 2022, காலை

ஒரு கேள்வி. ஸ்காட்லாந்திலேயே மிக உயரத்தில் இருக்கும் கிராமம் எது? கிளாஸ்கோவில் என்னோடு வேலை பார்க்கும் ஆறு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஆறு பேருமே இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், ஆறு பேரும் வடக்கே ஹைலேண்ட்ஸ் பக்கம் கை காட்டினார்கள். விடை தெற்கே. லௌதர் குன்றுகளுக்கு நடுவே வான்லாக்ஹெட் என்று ஒரு ஊர். 467 மீட்டர், அவர்கள் கணக்கில் 1531 அடி. நேற்று சனிக்கிழமை போய்விட்டு வந்தேன்.

வடக்கில்தான் பெரிய மலைகள், அது உண்மை. ஆனால் அங்கே ஊர்கள் பள்ளத்தாக்கிலும் கடலோரத்திலும் இருக்கும். இங்கே ஊர் மேலே ஏறி உட்கார்ந்ததற்கு ஒரே காரணம் மண்ணுக்குள் ஈயம் இருந்ததுதான். பயிர் பண்ணவோ ஆடு மேய்க்கவோ யாரும் இவ்வளவு மேலே வந்து வீடு கட்ட மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1756இல் இங்கே சுரங்கத் தொழிலாளிகளுக்கு ஒரு நூலகம் அமைந்திருக்கிறது. கூலி ஆட்கள் படிக்க வேண்டும் என்று நினைத்த முதலாளிகள்! முதலாளி நல்லவனாக இருந்தால் ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு வான்லாக்ஹெட் சாட்சி.

12 ஜூன், இரவு

மேலே "உச்சிக் கிராமம்" என்றதும் ஒருவர் கொக்கி போட்டுவிட்டார். முழு பிரிட்டனிலும் உயரமான ஊர் என்று இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஃபிளாஷ் என்ற ஊர் உரிமை கொண்டாடுகிறதாம். பார்த்தேன், சரிதான். இரண்டு ஊருக்கும் நெடுநாள் வழக்கு. 2007இல் பிபிசியின் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இதில் தலையிட்டு, நாட்டின் நில அளவைத் துறையைக் கேட்டு, ஃபிளாஷுக்கே பட்டத்தைக் கொடுத்துவிட்டது. எல்லோரும் சொல்லும் எண்களைப் பார்த்தால் ஃபிளாஷ் 1519 அடி, வான்லாக்ஹெட் 1531. பிறகு எப்படித் தோற்றது? எந்த வீட்டு வாசலில் அளவுக்கோலை வைக்கிறாய் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். சரிவில் தொங்கும் ஊருக்கு ஒரே உயரம் கிடையாது. ஸ்காட்லாந்துக்குள் போட்டி இல்லை என்பதால் நான் என் தலைப்பை மாற்றப் போவதில்லை.

இதெல்லாம் கோயம்புத்தூர்க்காரனான எனக்குச் சிரிப்புதான். கோவையே 411 மீட்டர். அதற்கு மேல் ஒரு பதினெட்டு மாடிக் கட்டடம் வைத்தால் ஸ்காட்லாந்தின் உச்சிக் கிராமம் வந்துவிடும். ஆனால் ஜூன் மாதம் நடுப்பகலில் நேற்று அங்கே ஸ்வெட்டரும் அதன்மேல் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு நின்றேன், காது விறைத்துப் போயிருந்தது. உயரத்தை மட்டும் பார்த்து ஒரு ஊரை எடை போடக் கூடாது, அது எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

13 ஜூன்

பெயர் பற்றி. பக்கத்து ஊர் லெட்ஹில்ஸ், ஒன்றரை மைல் தள்ளி. நான் வழியில் ஒரு அம்மாவிடம் "லீட்ஹில்ஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டேன். "லெட்" என்றார். "லெட்ஹில்ஸ்" என்றேன். "இப்போது போகலாம்" என்றார். காரீயத்துக்கு ஆங்கிலத்தில் "லெட்" என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவன்தான் நான்.

வான்லாக்ஹெட்டுக்கு வேர் ஆங்கிலமே இல்லை. ஆங்கிலம் வருவதற்கு முன்பு இந்தப் பக்கம் பேசிய, வெல்ஷுக்கு உறவான பழைய மொழியில் "வெள்ளைப் பாறை" என்று பொருள் சொல்கிறார்கள். அந்தப் பெயர் ஓடைக்குப் போய், ஓடையின் தலைமாட்டில் இருக்கும் ஊருக்குத் தலை ஒட்டியது.

13 ஜூன், கொஞ்சம் கழித்து

அம்மா போனில் கேட்டது: "ஏன்டா, ஈயம் விஷம்ங்கறே, அப்ப நம்ம வீட்டு ஈயச் சொம்பை என்ன பண்றது? அதுலதானே உங்க பாட்டி ரசம் வெச்சாங்க?"

தப்பு என்னுடையது. நான் ஈயம் ஈயம் என்று மொட்டையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். வான்லாக்ஹெட்டில் வெட்டியது காரீயம், கனமானது, குழாய்க்கும் கூரைத் தகட்டுக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் போனது. இரண்டும் வேறு வேறு உலோகம். இனி காரீயம் என்றே எழுதுகிறேன். அம்மா, சொம்பு பத்திரம், தூக்கிப் போட்டுவிடாதே. ஆனால் கடையில் புதிதாக வாங்கினால் கலப்படம் பார்த்து வாங்கு.

15 ஜூன்

முதலாளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது லெட்ஹில்ஸ் கதை, ஆனால் இரண்டு ஊரையும் பிரித்துப் பேச முடியாது.

1730களின் நடுவில் லெட்ஹில்ஸ் சுரங்கக் கம்பெனிக்கு மேலாளராக வந்தவர் ஜேம்ஸ் ஸ்டர்லிங். இந்தப் பெயரைக் கேட்டதும் பொறியியல் படித்த யாருக்கும் வயிறு கலங்கும். n ஃபேக்டோரியலின் (n!) லாகரிதத்துக்குத் தோராய மதிப்பு கண்டுபிடிக்கும் சூத்திரம், இரண்டாம் ஆண்டுத் தேர்வில் என்னைக் கவிழ்த்தது, அந்த ஸ்டர்லிங்கேதான். நியூட்டனுக்கு அறிமுகமானவர், வெனிஸில் சில வருடம் இருந்தவர், பெரிய கணித மேதை. அவர் இந்தக் காற்றடிக்கும் மேட்டில் வந்து காரீயக் கணக்கு எழுதினார். வெப்ப எந்திரம், அதான் ஸ்டர்லிங் என்ஜின், அதுவும் இவர் கைவண்ணம்தான்.

இவர் காலத்தில்தான் 1741இல் லெட்ஹில்ஸில் வாசிப்புச் சங்கம் தொடங்குகிறது. இருபத்தோரு சுரங்கத் தொழிலாளிகள், ஒரு பாதிரியார், ஒரு பள்ளி ஆசிரியர். பிரிட்டனில் இன்றும் மிஞ்சியிருக்கும் சந்தா நூலகங்களில் இதுவே மூத்தது என்கிறார்கள். பதினைந்து வருடம் கழித்து வான்லாக்ஹெட்காரர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டில் டிவி வாங்கினால் நம் வீட்டிலும் வாங்குவோம் இல்லையா, அப்படித்தான்.

16 ஜூன்

ஸ்டர்லிங் என்ஜின் இவருடையது இல்லை. அது ராபர்ட் ஸ்டர்லிங், பிறந்ததே 1790இல், தொழில் பாதிரியார். ஜேம்ஸ் 1770இல் இறந்துவிட்டார். இருபது வருட இடைவெளியில் இரண்டு பேரை ஒன்றாக்கிவிட்டேன். கல்லூரியில் இரண்டையும் ஒரே செமஸ்டரில் படித்ததன் விளைவு. சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி. "அண்ணா, அரியர் இன்னும் முடியலையா?" என்று கேட்டிருக்க வேண்டாம்.

19 ஜூன்

எந்திரம் என்றதும் நினைவுக்கு வந்தது. வான்லாக்ஹெட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருளைப் பற்றி எழுதவே இல்லை.

ஊருக்குள் சாலையிலிருந்து கொஞ்சம் இறங்கினால், புல்வெளியில் ஒரு கல் தூண். அதன்மேல் குறுக்கே ஒரு பெரிய மர உத்திரம், நடுவில் அச்சு. ஒரு முனை தூணுக்கு அந்தப் பக்கம், மறுமுனை குழிக்கு மேலே. தூரத்தில் பார்த்தபோதே கால் நின்றுவிட்டது. ஏற்றம்! எங்கள் தாத்தா தோட்டத்தில் கிணற்றடியில் முறிந்து கிடந்த ஏற்றமரத்தைப் பார்த்தவன் நான், அதில் யாரும் இறைத்துப் பார்த்ததில்லை. இதன் பெயர் ஸ்ட்ரெய்ட்ஸ்டெப்ஸ் சுரங்க நீர் எந்திரம். 19ஆம் நூற்றாண்டில் சுரங்கத்துக்குள் ஊறும் நீரை இறைக்க வைத்தது. இந்த வகையில் பிரிட்டனில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

வேலை செய்யும் விதம் இது. உத்திரத்தின் ஒரு முனையில் வாளி மாதிரி ஒரு பெட்டி தொங்கும். மேட்டிலிருந்து வாய்க்காலில் வரும் தண்ணீர் அதில் விழும். நிரம்பியதும் கனத்தால் அந்த முனை கீழே இறங்கும், மறுமுனை மேலே எழும்பி, குழிக்குள் போகும் பம்புக் கம்பியை இழுக்கும். சுரங்கத் தண்ணீர் மேலேறும். அடியில் போனதும் பெட்டி திறந்து தண்ணீரைக் கொட்டிவிடும், லேசாகும், கம்பியின் கனம் உத்திரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். மறுபடி தண்ணீர் விழும். நம் ஏற்றத்தில் மரத்தின்மேல் மனிதன் முன்னும் பின்னும் நடக்க வேண்டும், கீழே ஒருவன் சால் வாளியைப் பிடித்துக் கவிழ்க்க வேண்டும், நடக்கிறவனுக்குக் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாட்டு வேண்டும். இங்கே நடக்கிறவனும் தண்ணீர், இறைபடுவதும் தண்ணீர். நிலக்கரியை இவ்வளவு மேலே ஏற்றுவது செலவு, மழையோ சும்மா வருகிறது.

நான் பார்த்தபோது அது அசையவில்லை, அசைந்து பல காலம் ஆகிறது. ஆனால் இதே மாதிரி ஒன்று அசைந்ததைப் பார்த்து எழுதிய ஒரு பெண் இருக்கிறார். 1803இல் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டாரதி, அண்ணனோடும் கோல்ரிட்ஜோடும் இந்த வழியே குதிரை வண்டியில் போனார். அரை நிமிடத்துக்கு ஒரு முறை மெதுவாக மேலே எழும்பி, அடியில் வந்ததும் மூச்சு வாங்குவது போல் நின்ற ஒரு பெரிய நெம்புகோலைப் பற்றித் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதற்கு உயிரும் அறிவும் இருப்பது போலத் தோன்றியதாம். இப்போது நிற்பது அதுவல்ல, அது இதன் பாட்டி.

20 ஜூன்

"நீராவி எந்திரம் அந்தக் காலத்திலேயே இருந்ததே, எதற்கு வாளி?" என்று கேட்டவருக்கு: இருந்தது, இதே ஊரிலேயே. லெட்ஹில்ஸில் 1764இல் பிறந்த வில்லியம் சிமிங்டனும் அவர் அண்ணன் ஜார்ஜும் வான்லாக்ஹெட் சுரங்கத்துக்கு நீராவி எந்திரம் அமைத்தவர்கள். அது நிலக்கரி தின்னும். கரிக்குக் காசு கொடுத்துக் கட்டுப்படியாகாத இடத்தில் பழைய வாளியே போதும் என்று பின்னாளில் அதற்கே திரும்பியிருக்கிறார்கள்.

சிமிங்டனைப் பற்றித் தனியாகவே ஒரு இழை போடலாம். 1803 மார்ச்சில் அவருடைய நீராவிப் படகு ஷார்லட் டண்டாஸ், ஆளுக்கு எழுபது டன் சுமை ஏற்றிய இரண்டு படகுகளை எதிர்க்காற்றில் கால்வாயில் பத்தொன்பதரை மைல் இழுத்துக் காட்டியது. கால்வாய்க்காரர்கள் அலையில் கரை அரிக்கும் என்று மறுத்துவிட்டார்கள். சிமிங்டன் 1831இல் லண்டனில் வறுமையில் செத்தார். ஊரில் அவருக்குத் தூண் எழுப்பியது 1891இல். எந்த ஊரானாலும் சிலைக்கு மட்டும் அறுபது வருடம் காத்திருப்பார்கள்.

22 ஜூன்

தங்கம். இதை எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், விட மாட்டேன் என்கிறீர்கள்.

ஆமாம், இருக்கிறது. இந்த ஓடைகளில் தங்கத் துகள் கிடைக்கும். ஸ்காட்லாந்து மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் 1540இல் புதுப்பித்துச் செய்துகொண்ட கிரீடத்தில் இந்தப் பக்கத்துத் தங்கம் இருக்கிறது, எடின்பரோ கோட்டையில் போய்ப் பார்க்கலாம். இந்த வட்டாரத்தையே கடவுளின் கஜானா என்று அப்போது சொல்லியிருக்கிறார்கள். வான்லாக்ஹெட்டில் தங்கம் அரிக்கும் போட்டியெல்லாம் நடக்கிறது.

ஊரில் இருக்கும் சுரங்க அருங்காட்சியகத்தில் சொல்லித் தருகிறார்கள். தட்டு, மண்வெட்டி, ரப்பர் பூட்ஸ். தட்டில் மணலைப் போட்டுத் தண்ணீரில் வட்டமாக ஆட்ட வேண்டும், லேசானது வழிந்து போகும், கனமானது தங்கும். எங்கள் அம்மா அரிசியில் கல் அரிப்பதைத் தலைகீழாகச் செய்வது. அங்கே கல்லை ஒதுக்கி அரிசியை எடுப்போம், இங்கே கல்லெல்லாம் போய்க் கடைசியில் மிஞ்சும் கறுப்பு மணலில் தேட வேண்டும். நாற்பது நிமிடம் ஆட்டியும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் மகளுக்கு ஒரு புள்ளி கிடைத்தது, கடுகைக் கால் பண்ணினால் வரும் அளவு. அதைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் பூஜை அலமாரியில் இருக்கிறது. "அப்பா, சவரன் எவ்வளவு?" என்று தினமும் கேட்கிறாள்.

27 ஜூன்

மறந்தே போன ஒரு விஷயம். நான்கு வருடம் முன்பு, 2018 கோடையில், மகள் சின்னவளாக இருந்தபோது லெட்ஹில்ஸுக்கு ஒரு பொம்மை ரயில் ஏறப் போயிருக்கிறோம். இரண்டடி அகல இருப்புப் பாதை, ஆர்வலர்கள் ஓட்டுவது, சனி ஞாயிறு மட்டும். ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த ரயில் போய் நின்ற இடத்துக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில்தான் வான்லாக்ஹெட். அப்போது அப்படி ஒரு ஊர் இருக்கிறது என்றே தெரியாது.

ஒரு காலத்தில் முழு அளவு ரயிலே வந்திருக்கிறது. 1901இல் லெட்ஹில்ஸ் வரை, 1902இல் வான்லாக்ஹெட் வரை. அதன் உச்சி 1498 அடி, பிரிட்டனில் அகலப் பாதை ரயில் அதற்கு மேல் ஏறியதில்லை. (ஊட்டி ரயிலில் போனவர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே பல்சக்கரம் வைத்து ஏற்றுகிறார்கள், இங்கே வெறும் சக்கரம்.) 1938 முடிவோடு மூடிவிட்டார்கள். வழியில் இருந்த ரிஸ்பின் கிளூ பாலத்தைக் கட்டியவர் ராபர்ட் மெக்கால்பைன். ஹாரி பாட்டர் படத்தில் ரயில் வளைந்து போகிற கிளென்ஃபின்னன் பாலத்தைக் கட்டிய அதே ஆள். அதை கான்கிரீட்டாகவே விட்டவர், இங்கே மட்டும் மேலே செம்மண் ஓட்டுச் செங்கல் பதித்திருக்கிறார். 1991இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். கிளென்ஃபின்னனுக்குப் பஸ் பஸ்ஸாகப் போகிறார்கள்.

28 ஜூன்

"அகலப் பாதை" என்று எழுதியதற்கு ரயில் பிரியர் ஒருவர் கோபித்துக்கொண்டார். நம் ஊர் அகலப் பாதை ஐந்தரை அடி, இங்கே உள்ளது நாலடி எட்டரை அங்குலம், அதற்கு நிலையான பாதை என்று பெயர். சரி ஐயா.

10 ஜூலை

நேற்று மறுபடி போனேன், தனியாக. வீட்டில் "அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்றார்கள். எனக்கே தெரியவில்லை.

எம் 74 நெடுஞ்சாலையில் அபிங்டனில் இறங்கி பி 797ஐப் பிடித்தால் முதலில் லெட்ஹில்ஸ், அப்புறம் வான்லாக்ஹெட். இரண்டுக்கும் நடுவில் ஒரு மேடு. அந்த மேட்டில் பெய்யும் மழை லெட்ஹில்ஸ் பக்கம் சரிந்தால் கிளைட் ஆற்றில் சேர்ந்து எங்கள் கிளாஸ்கோவுக்கு வரும். வான்லாக்ஹெட் பக்கம் சரிந்தால் நித் ஆற்றில் சேர்ந்து தெற்கே சால்வே கடலுக்குப் போகும். ஊர்களும் அப்படியே. லெட்ஹில்ஸ் சவுத் லனார்க்ஷயர், வான்லாக்ஹெட் டம்ஃப்ரீஸ். லெட்ஹில்ஸின் ஜமீன் ஹோப்டன் பிரபுக்கள், வான்லாக்ஹெட்டின் ஜமீன் பக்ளூ கோமகன். ஒன்றரை மைலில் வேறு மாவட்டம், வேறு ஆண்டை, வேறு ஆறு. இந்த ஊரில் அந்த ஊரைப் பற்றிக் கேட்டால் ஒரு சின்னச் சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான், மேற்கொண்டு பேச மாட்டார்கள்.

லெட்ஹில்ஸ் கல்லறையில் ஜான் டெய்லர் என்ற சுரங்கத் தொழிலாளியின் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தேன். மகன் ராபர்ட்டின் கல்லில் அப்பாவைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், 137 வயதில் இறந்தாராம். காரீயச் சுரங்கத்தில் உழைத்து 137! சின்ன வயதில் பார்த்த ஒரு சூரிய கிரகணத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று சொல்கிறார்கள். எங்கள் ஊரிலும் தாது வருஷப் பஞ்சத்தை வைத்து வயது சொன்ன கிழவர்கள் இருந்தார்கள், ஒருவருக்கும் நூற்றுப்பத்தைத் தாண்டியதில்லை. ஆனால் கல்லில் வெட்டிவிட்டால் அப்புறம் யார் மறுத்துப் பேச முடியும்?

லெட்ஹில்ஸ் நூலகம் ஒரு சின்னக் கட்டடம், உள்ளே பழைய தோல் அட்டை வாசம். பெரும்பாலும் பிரசங்கங்கள், இறையியல், அப்புறம் வரலாறு, பயணம். இந்த ஊரில் 1684இல் பிறந்த கவிஞர் ஆலன் ராம்சேயின் பெயரும் நூலகத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. அவர் எடின்பரோவில் வாடகை நூலகம் நடத்தியவர், ஆனால் இதைத் தொடங்கியது அவரில்லை.

அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது புத்தகங்கள் இல்லை, ஒப்பந்தப் பேரேடுகள். சுரங்கத்தில் மாதச் சம்பளம் கிடையாது. நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து, இந்த இடத்தில் இவ்வளவு ஆழம் வெட்டுகிறோம், இவ்வளவு விலை என்று கம்பெனியோடு பேசி ஒப்பந்தம் போடுவார்கள். அதுவரை சாப்பாட்டுக்குத் தானியம், வெட்டுவதற்கு மெழுகுவர்த்தி, வெடிமருந்து எல்லாம் கம்பெனி கடனாகத் தரும். கணக்குத் தீர்க்கும் நாளில் அதையெல்லாம் கழித்து மிச்சம் கையில். பாறை இளகலாக வந்தால் லாபம். கெட்டியாக வந்தால் கடன்.

12 ஜூலை

முதல் நாள் எழுதியதை எடுத்துப் படித்தேன். "முதலாளி நல்லவனாக இருந்தால்..." என்று எழுதிய வரி உறுத்துகிறது. அழிக்க மாட்டேன், இருக்கட்டும்.

வான்லாக்ஹெட் நூலகத்தை எந்த முதலாளியும் வைத்துக் கொடுக்கவில்லை. 1756 நவம்பர் 1ஆம் தேதி ஊர்க்காரர்கள் முப்பத்திரண்டு பேர் கூடி, புத்தகம் வாங்குவதற்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். கைக்காசு சந்தா. லெட்ஹில்ஸிலும் அதே கதைதான், இருபத்தோரு தொழிலாளிகள் முதல் பட்டியலில் இருக்கிறார்கள் என்று நானே எழுதிவிட்டு அதற்கு நேர் எதிராக முடிவு சொல்லியிருக்கிறேன். பேரேட்டில் கடனோடு நின்ற ஆட்கள்தான் சந்தா கட்டியவர்கள்.

சரி, ஸ்டர்லிங்குக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. இங்கே சுரங்கத்துக்குள் ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வேலை. அந்தக் காலத்தில் வேறெங்கும் விடிந்தது முதல் இருட்டும்வரை. மிச்ச நேரத்தில் படித்தார்கள், மலைச்சரிவில் கல்லைப் பொறுக்கி ஒதுக்கி உருளைக்கிழங்குப் பாத்தி போட்டார்கள், மாடு வைத்துக்கொண்டார்கள். டாரதி வழியில் பார்த்த பையன்களில் பள்ளிக்கூடத்தில் லத்தீன் படித்தவன் இருந்தான், வர்ஜிலைச் சொன்னான். ஆனால் ஆறு மணி நேரம் என்பது தயவு மட்டும்தானா? காற்றோட்டமில்லாத குழிக்குள், ஈரத்தில், மெழுகுவர்த்திப் புகையில் அதற்கு மேல் ஆள் தாங்காது. கணக்குத் தெரிந்த மேலாளருக்கு அது புரிந்திருக்கிறது. அவர் சுரங்கக் காற்றோட்டத்தைப் பற்றியே கட்டுரை எழுதியவர்.

தாதுவை உருக்கும் உலைக்காரர்கள் நிலைமை இதைவிட மோசம். உலைப்புகை வயிற்றைப் பிடித்து முறுக்கும், மலம் கட்டும், கை கால் விழுந்துவிடும், சித்தம் கலங்கும். "மில் ரீக்" என்று அதற்கு ஊர்ப் பெயரே உண்டு, ஆலைப்புகை என்றுதான் அர்த்தம். 1750களிலேயே ஒரு மருத்துவர் அதை விவரித்து எழுதியிருக்கிறார். புகை படிந்த புல்லைத் தின்ற மாடும் சாகும். உலையை ஊருக்குக் கீழே மெடோஃபுட்டில் வைத்தார்கள். ஊரின் கல்லறையும் மெடோஃபுட்டில்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு அருங்காட்சியகக் கடையில் வாங்கிய கலீனா துண்டை எடுத்துப் பார்த்தேன். காரீயத் தாது. சுண்டைக்காய் அளவுதான், ஆனால் உள்ளங்கையில் வைத்தால் ஏதோ தவறு நடந்துவிட்டது போல அவ்வளவு கனம். சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து, ஒவ்வொரு முகமும் புது எவர்சில்வர் மாதிரி மின்னுகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மகளின் அலமாரியிலிருந்து எடுத்து என் மேசை டிராயரில் பூட்டிவிட்டேன்.

12 ஜூலை, இரவு

ஒருவர்: "ஆக, முதலாளி கெட்டவன், தொழிலாளி நல்லவன், அப்படித்தானே?"

அப்படியும் இல்லை. கம்பெனிக்கு அடங்கி நடக்கும், குடிக்காத, பைபிள் படிக்கும் ஆள் தேவை. தொழிலாளிக்குப் படிப்புத் தேவை. நூலகம் இரண்டு பேருக்கும் பொருந்தி வந்தது. ஆனால் புத்தகம் என்றைக்கும் வாங்கிக் கொடுத்தவன் நினைத்ததோடு நிற்காது. பட்டியலில் பிரசங்கங்கள் குறைந்து கதைகள் கூடிய கதை உங்களுக்கே தெரியும், நம் ஊர் கிளை நூலகத்திலும் அதுதானே நடந்தது.

1 நவம்பர்

இன்றோடு அந்தச் சங்கத்துக்கு 266 வயது. எண்ணூறு பேருக்கு மேல் இருந்த ஊரில் இப்போது நூற்றைம்பதை ஒட்டித்தான் இருப்பார்கள். கிளென்க்ரீஃப் சுரங்கம் 1934இல் மூடியது, 1950களில் ஒரு முறை திறந்து பார்த்து மறுபடி மூடினார்கள். அதோடு சரி.

11 டிசம்பர்

நேற்று மூன்றாம் முறை. குளிர்காலத்தில் அருங்காட்சியகம் திறக்காது என்று தெரிந்தேதான் போனேன். இந்த வாரம் முழுக்க ஸ்காட்லாந்தே உறைந்து கிடக்கிறது. பனி மூடிய ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் கதை ஒன்று உண்டு. சுங்க அதிகாரியாகக் குதிரையில் சுற்றிக்கொண்டிருந்த காலம். ஒரு குளிர்காலத்தில் வான்லாக்ஹெட் வந்தவருக்குப் பாதையெல்லாம் கண்ணாடியாக உறைந்துவிட்டது. குதிரை லாடத்தில் பனி ஆணி அடிக்க வேண்டும், கொல்லரோ வேலை மும்முரத்தில் முடியாது என்கிறார். பர்ன்ஸ் உட்கார்ந்து ஒரு கவிதை எழுதி, கொல்லருக்கு வேண்டிய உள்ளூர்க்காரர் ஒருவருக்கு அனுப்பினார். சொர்க்கத்துக் குதிரை பெகாசஸுக்கும் வான்லாக்ஹெட் வந்தால் லாடம் வழுக்கும் என்கிற மாதிரி. வேலை உடனே நடந்தது. அந்தக் கொல்லர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்: வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் சரியாகக் கூலி வாங்கினேன், காசாகவும் கொடுத்தார், குடிக்கவும் வாங்கிக் கொடுத்தார், பாட்டாகவும் கொடுத்தார் என்று.

எனக்கு நடந்தது இது. ஏற்றத்துக்கு, சரி, நீர் எந்திரத்துக்கு இறங்கும் வழியில் வண்டியை ஓரம் கட்டினேன். உத்திரத்தின்மேல் பனி ஒரு சாண் உயரத்துக்கு நேராக ஏறி நின்றது, யாரோ வெள்ளைத் துண்டை மடித்துப் போட்ட மாதிரி. பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் வண்டி நகரவில்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, பின்பக்கம் மெதுவாகப் பள்ளத்தைப் பார்த்து வழுக்குகிறது. குளிர்கால டயர் மாற்ற வேண்டும் என்று அக்டோபரிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் வீட்டில் இருக்கிறார். போனில் சிக்னல் இல்லை.

எதிர் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் ஒரு வாளியும் மண்வெட்டியுமாக வந்தார். வாளியில் உப்புக் கலந்த பொடிக்கல். முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னால் தூவினார், மிதிக்காதே, இரண்டாம் கியரில் மெதுவாக எடு என்றார். வந்துவிட்டது. பர்ஸை எடுத்தேன், தலையை ஆட்டினார். பாட்டு எழுத எனக்கு வராது. ஃபிளாஸ்க்கில் வீட்டு ஃபில்டர் காபி இருந்தது, மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்து முடித்தார்.

சர்க்கரை அதிகம் என்றார்.